கிளாஸ்கோவுக்குப் போகாத தள்ளுவண்டிகள்

மச்சான், எங்கள் வீட்டில் எல்லோருடைய பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கும். இன்சூரன்ஸ், ரோஷினியின் ஸ்கூல், உங்கள் தங்கச்சி வான்மதியின் மெயில், எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில். இந்தப் பிஸ்கட்டவே ஊரில் பாதித் தமிழ் வீடுகளில் இப்படித்தான்.

வான்மதி கராஜில் படம் வரைந்தது உங்களுக்குத் தெரியும். இந்தியக் கடைக்குப் பின்னால் பனியில் விறைத்து நிற்கும் சாமான் தள்ளுவண்டிகளையே திரும்பத் திரும்ப வரைவாள். ஸ்காட்லாந்து ஓவியர்களின் பேச்சை யூடியூபில் கேட்டபடிதான் சாம்பார் வைப்பாள். கிளாஸ்கோவில் பழைய கப்பல் பட்டறை ஒன்றைக் கேலரியாக்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் தங்கி வரையலாம், முடிவில் தனிக் கண்காட்சி. ஐந்து வருடம் தயங்கி விண்ணப்பித்தாள். தேர்வானாள். மெயிலை முதலில் பார்த்தது நான்.

அப்போது கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. பயண அனுமதி வாங்காமல் போனால் விண்ணப்பமே ரத்தாகிவிடும். அனுமதி வாங்க நேரம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பச் சூழ்நிலை என்று அவள் பெயரில் மறுத்து எழுதிவிட்டு, வந்த மெயிலை அழித்தேன்.

அவள் தினமும் பதிலுக்குக் காத்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கேலரி பெயரில் ஒரு மெயில் ஐடி உருவாக்கி, நானே நிராகரிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று நாள் ஆனது. கை பழகியிருக்கிறது, கண் பழகவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். காரணம் சொல்லாமல் மறுத்தால் அவளுக்கு மனசு ஆறாது.

"அவங்க சொன்னது கரெக்ட்தாங்க. எனக்குப் பாக்கவே தெரியலை" என்றாள்.

"விடும்மா, நெக்ஸ்ட் இயர் அப்ளை பண்ணலாம்" என்றேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்பீர்கள். ஆட்டியதில் பொய் இல்லை.

அடுத்த வருடமும் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கிரீன் கார்டு அதற்குள் கைக்கு வந்துவிட்டது. இந்த முறை நிராகரிப்புக் கடிதம் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. போனால் திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன், அவ்வளவுதான். படங்கள் எல்லாவற்றின் மேலும் அவள் வெள்ளை பூசினாள். பெயிண்ட் நான்தான் வாங்கி வந்தேன்.

ரோஷினி என் லேப்டாப்பில் அந்தக் கடிதங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, டிட் யூ ரைட் திஸ்?" என்றாள். அம்மாவிடம் சொல்ல வாய் வராமல் மாமா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். "மாப்பிள்ளை, நீங்க பண்ணீங்களா இல்லையா?" என்று போனில் கேட்டீர்கள். பண்ணினேன்.

ஆனால் ஒன்று. போன வாரம் எடின்பரோவிலிருந்து வேறொரு கேலரிக்காரப் பெண், இணையத்தில் அவள் முன்பு போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, வான்மதியின் செல்லுக்கே அழைத்தார். கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டார்.

"ஸாரி, ஐ டோன்ட் பெயின்ட் எனிமோர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நான் பக்கத்தில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அது முழுக்க முழுக்க அவளே எடுத்த முடிவு.