முதல் காட்சியில் சாக மறுத்த கட்டிங் மாஸ்டர்

இதனை எனக்குச் சொன்னவர், திருப்பூர் – தாராபுரம் தடத்தில் நடத்துனராக இருந்த ஆறுச்சாமி. கேட்டது 1974ஆம் ஆண்டு மாசி மாதம், கொடுவாய்க் கடைவீதியில். பேச்சு நிகழ்ந்ததோ 1970ஆம் ஆண்டு, ஆயுத பூஜை கழிந்த நான்காம் நாள், காலைப் பேருந்தில். பேசியவர் மணியன்; திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். கேட்டவர் பக்கத்து இருக்கையில் மஞ்சள் பையுடன் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், பெயர் தெரியவில்லை. பேச்சு தொடங்கிய பின் அவர் வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான் என்பதில் ஆறுச்சாமிக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆறுச்சாமி நடித்துக் காட்டியபடியே, ஒலித்தபடியே எழுதியிருக்கிறேன்.

*

...இல்லீங்க, நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க. பதினெட்டு வருசமாக் கத்திரி புடிச்சவனுங்க நானு. கம்பெனில மாஸ்டர்னு கூப்புட்டா மொதலாளி கூடத் திரும்பிப் பாப்பாரு. அப்படியாப்பட்டவனைக் கூட்டியாந்து, மொதோ சீன்லயே செத்துப்போன்னா எப்படீங்க? எட்டு நிமிசமுங்க! திரை தூக்கி எட்டாவது நிமிசம் நான் பொணம். நாடகம் ரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நான் என்னங்க பண்றது, கொசுவடிக்கறதா?

சித்தெ தள்ளி உக்காருங்கண்ணா. அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க... ஆமாங்க, அப்படித்தான். நீங்களுங் குண்டடந்தானுங்களே? சீட்டு வாங்கறப்பக் காதுல உழுந்துது. நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு, பேசீட்டே போலாம்.

வருசா வருசம் ஆயுத பூசைக்கு எங்க கம்பெனில முருகன் வள்ளியக் கட்டுன கதைதானுங்க போடுவோம். நாந்தான் நாரதரு. ஒரு தம்பூராவத் தூக்கீட்டு நடுவால வந்து கலகம் மூட்டீட்டுப் போயிருவேன், சோலி முடிஞ்சுது. இந்த வருசம் பாருங்க, மொதலாளி மாப்ளை அமெரிக்காவுல படிச்சுப்போட்டு வந்து எறங்கீட்டாரு. அங்க ஊட்டுக்கு ஊடு ரேடியோவாட்ட ஒரு பொட்டி இருக்குதாமா. அதுல படந் தெரியுமாமா! வாராவாரம் அதுல ஒரு வான்கப்பல் கெளம்பி நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகுமாமா. போன வருசந்தான் நெலாவுலயே காலு வெச்சுட்டாங்களே, நாமளும் அதையே போட்டுருவோம்னுட்டாரு. ஏனுங்க, நம்ம முருகங் கிட்ட மயிலு இருக்குது, அது பறக்காதுங்களா? அதுக்கு எஞ்சினு வேணுமா, எண்ணெ வேணுமா?

கேளுங்க இதை. அந்தக் கப்பலு எந்த நட்சத்திரத்துக்குப் போனாலும் உள்ள இருக்கறது அதே ஆளுகதானாமா. கேப்டன்னு ஒருத்தன். நெஞ்சை நிமுத்தீட்டு, எது வந்தாலும் மொதல்ல நாந்தான் போறேம்பான். ஆனாச் சாவ மாட்டான். அப்பறம் ஒரு அறிவாளி. கப்பலு தீப்புடிச்சு எரிஞ்சாலும் மொகத்துல ஒரு சுருக்கம் வராது. அது கடைசீல செக்கிங் கந்தவேலுவுக்கு உழுந்துது. அவன் நடிக்கவே வேண்டாமுங்க, கலியாணத்தன்னிக்கே சிரிக்காதவன். எந்நேரமும் மொணங்கற வைத்தியரு ஒருத்தரு. 'எஞ்சினு தாங்காதுங்க, தாங்காதுங்க'ன்னு கத்தறதுக்கு ஒருத்தன். காதுல ஒரு கருவிய மாட்டீட்டு, 'பூமியில இருந்து சேதி வருதுங்க'ன்னு சொல்றதுக்கு ஒரு புள்ளை.

இத்தனையும் போக ஆறாவதா ஒருத்தன். அவனுக்குப் பேரே இல்லீங்க! 'அந்தப் பாறைக்குப் பொறத்தால என்னன்னு பாத்துட்டு வா'ன்னு தாட்டி உடுவாங்க. போவான். செத்தான். அவ்வளவுதான். வாராவாரம் ஒருத்தஞ் சாவானாமா! 'ஏனுங்க மாப்ளை, அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லீங்களா?'ன்னு கேட்டேன். 'அதெல்லாங் கதையில வராதுங்க மாஸ்டர்'னுட்டாரு. வராதாமா!

சரி, கேப்டன் வேசத்துக்கு அடிதடி. நிட்டிங்காரனுக நாங்கதாங்கறானுக, பேக்கிங்காரனுக நாங்கதாங்கறானுக. மொதலாளி வந்தாரு. 'இருங்கடா, ஆறு வேசத்துக்கும் ஆறு சட்டை தெச்சு வரட்டும். எது எவனுக்குப் பொருந்துதோ அவன் அந்த வேசம். எம்பதோ, எம்பத்தஞ்சோ, சைசு முடிவு பண்ணட்டும். எனக்குப் பொல்லாப்பு வேண்டாம்'னாரு. கேப்டனுக்கு நீலம். சாவறவனுக்குக் காவி. 'போறவந்தானே, காவியே இருக்கட்டும்'னு மொதலாளி ரோசனை பண்ணிச் சொன்னாருங்க.

தெச்சாச்சு. சாயமுங் குடுத்து வந்துது. போட்டுப் பாக்கறம்... நீலச் சட்டை என்ற நெஞ்சோட நிக்குதுங்க! கீழ எறங்கவே மாட்டீங்குது. தொப்புளு வெளிய தெரியுது. அதையே எடுத்து அயர்ன்காரன் தண்டாயுதபாணி மாட்டுனான் பாருங்க. ஐயோ, தேச்சு மடிச்சு வெச்ச பனியனாட்ட இருப்பானுங்க அவன், அத்தனை தட்டை. அவனுக்கு அப்படியே ஒட்டீட்டுது! அப்பறம் அந்தக் காவியை என்னைப் போடச் சொன்னாங்க. கையி சரி, கழுத்து சரி, வகுறு சரி. 'மாஸ்டரு, உங்களுக்குன்னே அளவெடுத்தாப்பல இருக்குது'ன்னு அத்தனை பேருங் கை தட்டறானுகங்க. சதிங்க! அந்தத் தண்டாயுதபாணி சாயப்பட்டறைல யாரையோ கையில போட்டிருக்கோணும். சட்டைய மாத்தீட்டானுக. அப்படித்தான் என்ற மச்சானுகளுக்குஞ் சொல்லி உட்டிருக்கறேன்.

மச்சானுக நாலு பேருங்க எனக்கு. எங்கூட்டுக்காரி சென்னம்மாளுக்குக் குண்டடந்தான் பொறந்த ஊடு. நாடகம் பாக்கறதுக்கு அங்கிருந்து ஒறம்பரைச் சனம் பதினேழு பேரு வந்துட்டாங்க. நாந்தானுங்க காயிதம் போட்டேன், 'நான் கேப்டன் வேசம் கட்டுகிறேன், குடும்பத்தோடு வரவும்'னு. அது எப்பப் போட்டேன்னு மட்டுங் கேக்காதீங்க.

பூசை முடிஞ்சு மத்தியானம் மூணு மணிக்குத் திரை தூக்கியாச்சு. மொத வரிசைல என்ற மாமியா, நாலு மச்சானுக, நடுவால சென்னம்மா, பட்டுச் சேலை கட்டீட்டு. நான் பாறைக்குப் பொறத்தால போறேன். நூல் கழிவ ஒடம்பெல்லாஞ் சுத்தீட்டு ரண்டு பேரு பூதமாட்ட வந்து என்னத் தொட்டானுக. நானும் உழுந்தேன். சொன்னபடி உழுந்தேனுங்க! அப்பப் பாத்து என்ற மாமியா குரலு... 'ஏண்டா, மாப்ளை கேப்டன்னாங்க? இப்பவே படுத்துட்டாரு?'

எப்படீங்க படுத்திருக்கறது? எந்திரிச்சேன். 'எனக்கு ஒன்னும் ஆவுலீங்க, லேசான கெறக்கந்தான்'னேன். தண்டாயுதபாணி பல்லக் கடிச்சுட்டு, 'மாஸ்டரு, சாவுங்க'ங்கறான். வைத்தியரு நாடி புடிச்சு, 'உயிர் பிரிந்துவிட்டது'ங்கறாரு. பிரியலேங்கறேன். கந்தவேலு வந்தான். என்னக் குனிஞ்சு, மேலயுங் கீழயும் பாத்தான். பனியன் செக்கிங் பண்ணிப் பண்ணிப் பழகுன வாயி, 'டேமேஜ் பீசு, தள்ளி வை'ன்னுட்டான்! சனமெல்லாம் உழுந்து உழுந்து சிரிக்குது. பூதம் மறுக்காத் தொட வந்துது. ஒரு அறை உட்டேன் பாருங்க, நூலெல்லாம் அவுந்து உள்ள இருந்த ரண்டு பேருஞ் சந்தி சிரிக்க நிக்கறானுக. அப்படியே நேராப் போயிக் கேப்டன் நாக்காலில உக்காந்து, 'கப்பலை எடுங்கடா, குண்டடத்துக்கு உடுங்கடா'ன்னேன். மூட்டை தூக்கற சென்னியப்பந்தான் எஞ்சின்காரன். ஒரு சட்டையும் அவனுக்குப் பத்தாம வெறும் ஒடம்போட நிக்கறான். அந்தப் பாவி, 'எஞ்சினு தாங்காதுங்க!'ன்னு கத்தறான், நாக்காலிக் காலு ஒடைஞ்சு நான் மல்லாந்து கெடக்கறேன். திரையப் போட்டுட்டாங்க.

சென்னம்மா அண்ணமாரு கூட அப்படியே பஸ் ஏறீட்டா. இன்னியோட நாலு நாளு. நேத்து ஆளுடுத்துச் சொல்லியிருக்கறா, 'என்ற அண்ணனுக நாலு பேரையும் நிக்க வெச்சு, நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், வர்றேன்'னு. அதுக்குத்தானுங்க போறேன். நாஞ் சொல்லுவேன்... அந்தத் தண்டாயுதபாணி இருக்கறானே, அவன் பண்ணுன சதியில...

என்னங்க? என்ன கேட்டீங்க?

...துணிய வெட்டுனது ஆருன்னா?

அது... வெட்டறது மாஸ்டர் வேலை தானுங்களே. நாந்தான்.

இப்பிடிப் பாக்காதீங்கண்ணா. உங்களுக்குத் துணி சோலி பழக்கமுண்டுங்களா?... ம்ம். சரி. உங்க கிட்டச் சொன்னா என்ன. மிசின்ல இருந்து எறங்கற துணி இருக்குதே, அது பச்சைத் துணி. அதை மொதல்ல சலவைக்குப் போடோணும், சாயத்துக்குப் போடோணும். சுருங்கற மட்டும் அங்கியே சுருங்கிக்கும். பொறகுதான் கத்திரி வெக்கோணும். இது நேத்து வேலைக்கு வந்தவனுக்குந் தெரியும். நான்... சைசுதான் முடிவு பண்ணும்னு மொதலாளி சொன்ன ஒடனே, கத்திரி என்ற கையில தானே இருக்குதுன்னு ஒரு புத்தி. துணியாச் சாயத்துக்குப் போயி வந்தா எல்லார் கண்ணுலயும் பட்டுருமுங்க, ஆளாளுக்கு அளவு சொல்லுவானுக. அதனால பச்சைத் துணியிலயே, சாப்பாட்டு நேரத்துல ஒருத்தரும் இல்லாதப்ப, நீலத்துக்கு என்ற அளவையே வெச்சு வெட்டி, தெச்சே அனுப்பீட்டேன். அந்த அவசரத்துல சுருங்குமேங்கற நெனப்பே வரலீங்க. காவிய அந்தச் சென்னியப்பன் தலையில கட்டலாம்னு அவன் அளவுக்கு, சாக்குப்பையாட்ட வெட்டுனேன். அது போயிக் கொதிக்கற தொட்டில ஊறி... அவஞ் சட்டை சுருங்கி எனக்காச்சு. எஞ்சட்டை சுருங்கி அந்தத் தண்டாயுதபாணிக்காச்சு.

அவன் ஒரு பாவமும் அறியாதவனுங்க.

கேப்டன் ஆவாதது கூட இருக்கட்டும். பொய் சொன்னது கூட இருக்கட்டும். பதினெட்டு வருச மாஸ்டர் பச்சைத் துணிய வெட்டுனான்னு நாலு மச்சானுக முன்னால எந்த வாயில சொல்றது? அதுக்கு அந்தப் பாறைக்குப் பொறத்தாலயே செத்திருக்கலாமுங்க. ஆனாச் சொல்லலீன்னா அவ வர மாட்டா. நாலு நாளா ஊடு ஊடாட்ட இல்லீங்க. நீங்களே சொல்லுங்கண்ணா, மொதல்ல பெரிய மச்சாங்கிட்டச் சொல்றதா, நாலு பேரையும் ஒன்னா வெச்சே...

ஏனுங்க? எங்க எந்திரிக்கறீங்க? இது கொடுவாயிங்க. குண்டடத்துக்கு இன்னும் தொலைவு கெடக்குது. அண்ணா! சீட்டு குண்டடத்துக்குத் தானுங்க வாங்குனீங்க! ஏனுங்கண்ணா...

*

ஆறுச்சாமி சொன்ன பாடம் இங்கே நின்றுவிடுகிறது. குண்டடம் வந்தபோது மணியன் இறங்கவில்லை என்றும், தாராபுரம் வரை போய் அதே வண்டியில் திரும்புகையில்தான் அங்கே கண்ணை மூடிக்கொண்டு குதித்து இறங்கினார் என்றும், அப்புறம் நடந்தது தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார்.

அதே கம்பெனியில் மடிப்பு வேலை செய்த பழனாயி (1975) சொன்ன பாடத்தில் பெரியவர் கொடுவாயில் இறங்கவே இல்லை. குண்டடத்தில் மணியனுக்கு முன்னால் இறங்கி, மாமனார் வீட்டை நோக்கி அவருக்கு முன்னே நடந்தார். அவர் சென்னம்மாளின் பெரியப்பா. மணியன் வாய் திறப்பதற்குள் எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்துவிட்டாராம். இது பின்னால் சேர்த்த நயமாகவே எனக்குப் படுகிறது: மனைவியின் பெரியப்பாவை மணியன் அறியாதிருக்க வழியில்லை.

குண்டடத்தில் சாமியாத்தாள் (1976) சொன்னதே எனக்குக் கிடைத்தவற்றுள் நீளமானது. அதன்படி மணியன் நான்கு மச்சான்களையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். பச்சைத் துணியை வெட்டியதையும் மறைக்கவில்லையாம். மூத்த மச்சான் சிரிக்கவில்லை. ஊர் நோம்பித் திருவிழாவுக்கு அந்த நாடகத்தைக் குண்டடத்தில் போட வேண்டும், மாப்பிள்ளை ஒழுங்காகச் சாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். போட்டார்கள். மணியன் பாறைக்குப் பின்னால் போனார், விழுந்தார், செத்தார். அத்தனை நேர்த்தியாகச் செத்ததில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று 'ஒன்ஸ்மோர்' கேட்டது. எழுவதா கூடாதா என்று தெரியாமல் மணியன் படுத்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்து, முதல் வரிசையில் இருந்த சென்னம்மாளைப் பார்த்தாராம். அவள் தலையசைத்தாள். அதன் பிறகே எழுந்து, இன்னொரு முறை செத்தார்.