ஆள்கழிப் பொழி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் கரையில பாலமும் வராத, தார் ரோடும் வராத காலத்துல, கொண்டல்துறைன்னு ஒரு சின்னப் பட்டினம் இருந்துச்சாம். பட்டினம்னதும் பெரிசா நெனைச்சிராதீங்க. மூணே மூணு தெரு. மாதா கோயிலை ஒட்டி கோயில்தெரு, அதுல கடலுக்குப் போறவங்க. பள்ளிவாசலை ஒட்டி பள்ளித்தெரு, அதுல தோணி வச்சிருக்கிறவங்க, சரக்கு ஏத்தி இறக்குறவங்க. அதுக்கும் தெக்க அளத்துத்தெரு, அதுல உப்பளத்துல பாடுபடுறவங்க. மூணு தெருவுக்கும் சேத்து நல்லதண்ணிக் கெணறு ஒண்ணு. முன்னால கடலு, பின்னால ஆத்துத்தண்ணி தேங்கி நிக்கிற ஆத்துக்கழி.

விடியக்காலம் பள்ளியில பாங்கு கேக்கும். அது அடங்கினதும் மாதா கோயில் மணி அடிக்கும். நோம்புக்கஞ்சி கோயில்தெருவுக்கும் போகுமாம். அளத்துத்தெரு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு விளக்கெண்ணெய் பள்ளித்தெருவுல இருந்து வருமாம். புதுத்தோணி தள்ளணும்னா மூணு தெருவும் வந்து தோள் குடுக்கணும். சண்டையும் உண்டு, இல்லாமலா? காலையில கெணத்தடியில ஒருத்தி குடத்தைப் போட்டு உடைச்சவ, சாயந்திரம் அவ வீட்டுலயே போயி அடுப்புக்கு நெருப்பு கேட்டு நிப்பாளாம். அப்பிடி ஒரு ஊரு.

அந்த ஊருக்கு ஒரே ஒரு வாசல்தான். ஆறு கடல்ல விழுற எடம். அதைப் பொழின்னு சொல்லுவாங்க. அரிசி வாறதும் அது வழி, ஓடு வாறதும் அது வழி, உப்பு போறதும் அது வழி, புருசன் போறதும் வாறதும் அது வழி. ஆனா பாத்துக்கோங்க, அந்த வாசல் ஒரு எடத்துல நிக்காது. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வந்து மணலை அள்ளி அங்கன போடும், இங்கன போடும். ரெண்டு பக்கமும் மணல்திட்டு தண்ணிக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். நடுவுல ஒரு தெரு அகலத்துக்குத்தான் ஆழம். தோணி கொஞ்சம் வெலகித் தட்டுச்சோ, அலை பொரட்டிப் போட்டுரும்.

அதனால வருசா வருசம் வெள்ளம் வடிஞ்சதும், ஆழம் பாத்து ரெண்டு பக்கமும் மூங்கில்கழி நடுவாங்க. கழி நடுறவரு கோயில்தெரு லாசர் தண்டல். தண்டல்னா தோணியை நடத்துற தலைவரு. அவரு நட்ட கழின்னா கண்ணை மூடிட்டுத் தோணியை விடலாம்பாங்க.

அளத்துத்தெருவுல மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். மட்டி, அதான் சிப்பி, பொறுக்குறவ. ஆத்துக்கழியில எறங்கி, கால் பெருவெரலால சேத்தைத் துழாவி, மட்டி தட்டுப்பட்டா கால் வெரலாலயே கவ்வி எடுத்து, இடுப்புல கட்டின ஓலைப்பெட்டியில போடுவா. ரொம்பப் பயந்த சுபாவம். தெருவுல நாலு பேரு கூடி நின்னா பின்பக்கமா சுத்திப் போயிருவாளாம். புருசன் பேரு பலவேசம். பள்ளித்தெரு காசிம் லெப்பையோட தோணியில வேலை.

அந்த வருசம் ஐப்பசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்ல. சரி, மழை பிந்துதுன்னு ஒன்பது தோணி உப்பை ஏத்திட்டுத் தெக்க போயிருச்சு. நாப்பது, நாப்பத்தஞ்சு ஆம்பளைங்க. அவங்க போன ஒரு வாரத்துல மேற்க மலையில கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. வந்துச்சு பாருங்க வெள்ளம். நாலு நாள். கழி எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டுப் போயிருச்சு.

அஞ்சாம் நாள் கொஞ்சம் வடிஞ்சது. வீட்டுல பொங்க ஒண்ணுமில்லைன்னு மாடத்தி ஆத்துக்கழியில எறங்கினாளாம். வடக்க, தோணி போற ஆழம் இருந்த எடத்துல முழங்கால் தண்ணி. தெக்க, மணல்திட்டு இருந்த எடத்துல கால் வச்சா தரையே இல்ல. வாசல் எடம் மாறிருச்சு! அந்தப் புது ஆழத்தோட தெக்கு ஓரத்தைக் காலால தடவிக்கிட்டே கடலைப் பாத்துப் போனா. பாதித் தூரம் போனா. அதுக்கு மேல தண்ணி காலை வாருது. பயந்து திரும்பிட்டா. யாருகிட்டயும் சொல்லல. அவ சொல்லி யாரு கேக்கப் போறா?

மறுநாள் மத்தியானம் கடலு கருத்துக் கெடந்துச்சாம். கோயில் மணிக்கூண்டுல ஏறி நின்ன உபதேசியாரு கத்துறாரு: "பாயி! பாயி தெரியுது! ஒண்ணு, ரெண்டு... ஒன்பதும் வருது!"

ஊரே கடக்கரைக்கு ஓடுச்சு. ஒன்பது பாயி. அதுக்குப் பின்னால மலை மாதிரி மேகம். காத்து ஏறிக்கிட்டே வருது. அவங்க வெளியிலயும் நிக்க முடியாது. உள்ள வரணும்னா கழி இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவாங்க.

லாசர் தண்டலு பத்து ஆளோட கழியைத் தூக்கிட்டு ஓடுனாரு. ஒரு கழி அடிச்சாங்க. அடிச்ச கையை எடுக்கலை, தண்ணி புடுங்கிட்டுப் போயிருச்சு. இன்னொண்ணு. அதுவும் போச்சு. மணல் கூழா கெடக்கு, கழி நிக்க மாட்டேங்குது.

"வடக்குக் கரையில நெருப்பைப் போடுங்கல," ன்னாராம் தண்டலு. "போன வருசம் வடக்கதான இருந்துச்சு. புகையைப் பாத்து வரட்டும்."

கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தம்.

"வடக்க ஆழம் இல்ல தண்டலய்யா."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மாடத்தி. முந்தானையைக் கையில சுத்திச் சுத்தி முறுக்கிக்கிட்டு நிக்கா.

"யாரு நீ?"

"மட்டி பொறுக்குறவ. பலவேசம் பொண்டாட்டி."

"ஆழம் இல்லைன்னு எப்பிடித் தெரியும்?"

"நேத்துப் பாத்தேன். காலால."

ரெண்டு பேரு சிரிச்சாங்களாம். காசிம் லெப்பைக்கு அந்த ஒன்பதுல மூணு தோணி. அவரு சீறினாரு: "வே தண்டலு! அங்கன என் மக்க மாருல ரெண்டு பேரு வாராங்க. இவ காலால பாத்தாளாம், நாம கேக்கணுமாம்!"

தண்டலோட ஒரே மகன் மிக்கேலும் அந்த ஒன்பதுல ஒண்ணுலதான் வாரான். ஆனா அவரு சிரிக்கல, சீறல. மாடத்திகிட்ட வந்து மெதுவாக் கேட்டாராம்:

"கடலு வரைக்கும் நடந்தியாம்மா?"

பாதிதான் நடந்தேன்னு சொன்னா வடக்க நெருப்பு போடுவாங்க. வடக்க வந்தா ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். முழுசும் நடந்தேன்னு சொல்லி, மிச்சப் பாதியில வாசல் வேற பக்கம் திரும்பியிருந்தா? நாப்பது உசுரும் அவ கணக்குல வந்து விழும்.

"நடந்தேன்," ன்னாளாம்.

தண்டலு அவ மூஞ்சியையும் பொழியில ஓடுற இழுப்பையும் மாறி மாறிப் பாத்தாராம். அப்புறம் கூட்டத்தைப் பாத்து, "கழி நிக்காது. ஆளு நிக்கும். ரெண்டு பக்கத் திட்டுலயும் ஆளு நிக்கணும், கையைக் கோத்துக்கிட்டு. தெக்கு வரிசைக்கு இவ வழி காட்டட்டும். வடக்கு வரிசைக்கு நான். துணி கொண்டாங்க, தோணிக்காரனுக்குக் கண்ணுல படணும்," னு சொல்லிட்டுத் தெருவுக்குள்ள ஆளு கூப்பிட ஓடுனாராம்.

மூணு தெருவும் வந்துச்சு. கடக்கரைப் பக்கமே வராத பள்ளித்தெருப் பொம்பளைங்க வீட்டுல இருந்த வெள்ளைத் துப்பட்டியை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்தாங்களாம். வடக்கு வரிசைக்கு வெள்ளை, தெக்கு வரிசைக்குச் செவப்புச் சேலை. கம்புல கட்டித் தூக்கிப் புடிச்சாங்க.

மாடத்தி முன்னால எறங்கினா. ஒரு எட்டு வைப்பா, காலால தடவுவா, ஓரம் எதுன்னு பாப்பா, "இங்கன நில்லு" ம்பா. ஒரு ஆளு நிக்கும். அடுத்த எட்டு. "இங்கன நில்லு." இன்னொரு ஆளு. இடுப்பளவு தண்ணி, அப்புறம் மாரளவு. நேத்து நின்னு திரும்பின எடம் வந்துச்சு. அதுக்கு மேல அவளுக்கும் தெரியாது. பின்னால நிக்கிற அம்பது பேருக்கும் அவளுக்குத் தெரியாதுன்னு தெரியாது.

கால் வச்சா. தரை. அடுத்த கால். தரை இல்ல! பதறிப் போயி பின்னால இழுத்துக்கிட்டா. வாசல் அந்த எடத்துல கொஞ்சம் வளைஞ்சிருக்கு. வளைவோட அவளும் வளைஞ்சா, வரிசையும் வளைஞ்சது. அலை மூஞ்சியில அடிக்குது, யாரு நிக்கா யாரு போனான்னு கண்ணுக்குத் தெரியல. அப்பத்தான் அவ கத்தினாளாம்:

"நிக்கியா?"

பின்னால நின்னவன், "நிக்கேன்!" ன்னான். அவன் அடுத்தவனைக் கேட்டான், "நிக்கியா?" "நிக்கேன்!" அப்பிடியே கரை வரைக்கும் போச்சு. எதிர் வரிசையும் அதைப் புடிச்சுக்கிடுச்சு. "நிக்கியா?" "நிக்கேன்!"

வடக்கு வரிசையில கடைசி ஆளு லாசர் தண்டலு. அவரு கையைப் புடிச்சு நிக்கிறது யாரு தெரியுமா? காசிம் லெப்பை. மாடத்தி இந்தப் பக்கமிருந்து பாக்கா. வடக்குத் திட்டு இன்னும் நீண்டு கெடக்கு, அவருக்கு அந்தாண்டை அலை ஒடையுது. அங்கன ஆளு இல்லாட்டா தோணிக்காரன் திட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சு ஏறிருவான்.

"தண்டலய்யா! இன்னும் நாலு எட்டு!"

அவரு போனாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. கழுத்தளவு தண்ணி. நாலு. அங்கன நின்னுக்கிட்டு துப்பட்டிக் கம்பைத் தூக்கிக் காட்டினாராம்.

மொதத் தோணி வந்துச்சு. தோணி முகப்புல நின்னவன் முழிக்கான். கடலுக்குள்ள சனம் நிக்குதே! வெள்ளைக்கும் செவப்புக்கும் நடுவுல விட்டான். தட்டல. ரெண்டாவது, தட்டல. மூணாவதுல மிக்கேலு. அப்பன் தலையைத் தாண்டித்தான் போனான், அலையில அவருன்னு அடையாளம் தெரியலையாம் பாவிக்கு. நாலு, அஞ்சு, ஆறு. ஒவ்வொரு தோணிக்கும் நடுவுல "நிக்கியா?" "நிக்கேன்!" ஏழு, எட்டு. கடைசித் தோணி பலவேசம் இருந்த தோணி. அது வாறதுக்குள்ள காத்து முழுசா வந்து எறங்கிருச்சு. பெரிய அலை ஒண்ணு தோணியைத் தூக்கிக்கிட்டு வருது. மாடத்தி கண்ணை மூடிக்கிட்டா. தோணி அவளை உரசின மாதிரி போச்சு. தட்டல.

கண்ணைத் தொறந்து கத்தினா: "நிக்கியா?"

தெக்கு வரிசை முழுக்க நிக்கேன், நிக்கேன்னு போச்சு. கரையைச் சுத்தி வடக்கு வரிசைக்கு ஏறுச்சு. நிக்கேன், நிக்கேன், நிக்கேன்... காசிம் லெப்பை வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல.

திரும்பக் கேட்டா. "தண்டலய்யா! நிக்கியளா?"

அலைச் சத்தம் மட்டுந்தான்.

கரைக்கு வந்ததும் காசிம் லெப்பை மணல்ல உக்காந்து கையை நீட்டி நீட்டிக் காட்டுனாராம். "என் கை நழுவல. அவருக்குக் கீழ மணல் ஓடிருச்சு. என்னையும் இழுத்துச்சு, எனக்குப் பின்னால வரிசையே அசைஞ்சது. தோணி தாண்டுற வரைக்கும் புடிச்சிருந்தாரு. தாண்டினதும் அவரே வெரலைப் பிரிச்சுக்கிட்டாரு."

மூணாம் நாள் தெக்க கரை ஒதுங்கினாராம். மூணு தெருவும் சேந்து தூக்குச்சு.

ஊரு மாடத்தியைக் கொண்டாடுச்சு. அவளுக்குச் சோறு எறங்கல. பலவேசம் பக்கத்துல இருக்கான், அவனைப் பாக்கவும் முடியல. ஏழாம் நாள் கோயில்தெருவுக்குப் போயி, தண்டலு பொண்டாட்டி சவேரியம்மா முன்னால விழுந்துட்டாளாம்.

"யம்மா, நான் பொய் சொல்லிட்டேன். நான் பாதிதான் நடந்தேன். கடலு வரைக்கும் நடந்தேன்னு அய்யாகிட்டச் சொல்லிட்டேன். நாலு எட்டு போங்கன்னு சொன்னதும் நான்தான்."

சவேரியம்மா அவ தோளைப் புடிச்சுத் தூக்கி உக்கார வச்சாளாம். அப்புறம் சொன்னாளாம்:

"அவருக்குத் தெரியும்ட்டி."

"என்னம்மா சொல்லுதிய?"

"அந்த இழுப்புல ஒத்தையில கடலு வரைக்கும் நடந்துட்டு ஒருத்தி திரும்பி வர முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா? ஆளு கூப்பிட வந்தவரு வீட்டுக்குள்ள வந்து, கழுத்துல கெடந்த செபமாலையைக் கழட்டி என் கையில குடுத்தாரு. 'அந்தப் பிள்ளை பாதிதான் நடந்திருக்கு. மிச்சத்தை நாங்க நடந்து பாக்கணும்' னு சொல்லிட்டுத்தான் போனாரு."

மாடத்தி அழுதா பாருங்க, அதுவரைக்கும் அழாத அழுகை. சவேரியம்மாவும் அழுதா. அழுது முடிச்சுட்டு சவேரியம்மா கேட்டாளாம், "அவரு நின்ன எடத்தை எனக்குக் காட்டுவியாட்டி?"

மழை ஓஞ்சு கடலு அடங்கின பொறவு ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு எறங்கினாங்களாம். அந்த நாலு எட்டுக்கு முன்னால வந்ததும் சவேரியம்மா நின்னுட்டா. "போதும். அது அவரு எடம்," ன்னாளாம்.

அன்னையில இருந்து அந்தப் பொழிக்கு ஆள்கழிப் பொழின்னு பேரு வந்துச்சு. இப்போ கல்லு கொட்டி, வெளக்குப் போட்டு, தோணி எந்நேரமும் போகுது வருது. ஆனாலும் கார்த்திகையில ஒரு நாள் மூணு தெருவும் பொழியில எறங்குது. தெக்க செவப்பு, வடக்க வெள்ளை. தெக்கு வரிசைக்கு முன்னால எப்பவும் அளத்துத்தெருப் பொம்பளை ஒருத்திதான் நடக்கணும். வடக்கு வரிசை முடியுற எடத்துல பள்ளித்தெரு ஆளு ஒருத்தரு, அந்தாண்டைக் கையை வெறும் தண்ணியில நீட்டிக்கிட்டு நிப்பாரு.

"நிக்கியா?" ன்னு சத்தம் கெளம்பும். நிக்கேன், நிக்கேன்னு சுத்தி வரும். அந்த நீட்டின கைகிட்ட வந்ததும் நின்னுரும். ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. பச்சைப்பிள்ளையைக் கூட அழவிடாம அணைச்சுப் புடிச்சிருவாங்க. அலை மூணு தரம் அடிச்சு ஓயுற வரைக்கும் காத்திருப்பாங்க, பதில் வந்தாலும் வந்துரும்ங்கிற மாதிரி. அதுக்குப் பொறவுதான் தோணியை விடுவாங்க.