காதை அடைக்காத ஹெட்செட்

இல்லைத் தம்பி, உது வேண்டாம். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே திருப்பி வையுங்கோ. கச்சான் கொட்டை மாதிரிச் சின்னனாக் கிடக்கு. நான் காதில போட்டிருக்கிறன் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது? றோட்டால வாற சனத்துக்குத் தூரத்திலேயே தெரியோணும்.

ஓம், பாட்டுக் கேக்கத்தான். நடக்கேக்க. எனக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில டொக்டர் பிள்ளை சொல்லிப்போட்டா, ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் கையை வீசி நடக்கோணும், இல்லாட்டி ஊசிதான் எண்டு. எனக்கு ஊசியெண்டால் சரிவராது.

நடந்தனான் தம்பி. ஆனா சனம் நடக்க விட்டால்தானே. எங்கட ஸ்கந்தபுரத்தில ஒரு மனிசி தனிய நடந்து போனால் அவவுக்கு ஏதோ கஷ்டம் எண்டுதான் நினைப்பினம். முதல் நாள் வாய்க்கால் றோட்டில இறங்கி ஐஞ்சு நிமிசம் ஆகேல்லை, எங்கட ஊர்ப் பெடியன் சதீஸ் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டான். ஏறுங்கோ மாமி எண்டான். இல்லையப்பு, சும்மா நடக்கிறன் எண்டன். சும்மா ஏன் நடக்கிறியள், வீட்டில பிரச்சினையோ எண்டு கேக்கிறான். அவனை அனுப்பிவிட, பத்மாசனி ரீச்சர் ஸ்கூட்டியில. அவவுக்குப் பின்னால கல்லு ஏத்தின உழவு மெசின். அதில ஏறினனான் தம்பி. என்ன செய்யிறது, மரியாதையா நிப்பாட்டின சனத்துக்கு எத்தினை தரம் மாட்டன் எண்டு சொல்லுறது? நடக்கவெண்டு வெளிக்கிட்டு, உழவு மெசின் பெட்டியில குந்தியிருந்து வீட்டை வந்து இறங்கினன். என்ர மனுசன் வாசல்ல நிண்டு சிரிக்கிறார். அந்த மாதம் சீனி கூடிப்போச்சு.

மகள் சுதாஜினிதான் வழி சொன்னவள். காதில ஹெட்செட்டைக் கொழுவிக்கொண்டு நடவுங்கோ அம்மா, ஒருத்தரும் கதைக்கமாட்டினம் எண்டு தன்ரையைத் தந்தவள். போட்டவுடன உள்ளுக்க ஒரு வெள்ளைக்காரி ஏதோ சொல்லுறா, நான் ஆரோ எண்டு திரும்பிப் பாத்தனான். பிறகு பாட்டு. அந்த ரப்பர் மூடி காதை அப்பிடி அடைச்சுப்போடும், நாய் குலைக்கிறது கூட வாயசைப்புத்தான். சதீஸ் வந்தான், வாயைத் திறந்தான், காதைப் பாத்தான், போயிட்டான். ரீச்சர் கையைக் காட்டிப்போட்டுப் போனா. ரெண்டு கிழமை ராசாத்தி மாதிரி நடந்தன். சீனியும் இறங்கிப்போச்சு.

பிறகேன் புதுசு எண்டோ கேக்கிறியள்? அதைத்தான் சொல்லவாறன். அது அடைக்குது. எனக்கு அடைக்காதது வேணும். பாட்டும் கேக்கோணும், வெளிச்சத்தமும் கேக்கோணும். சிரிக்காதையுங்கோ. இது என்ன, காதுக்கு வெளியில கொழுவுறதோ? ஓட்டைக்குள்ள போகாதோ? நல்ல பெருசாவும் கிடக்கு. வேர்வைக்கு வழுக்குமோ தெரியேல்லை. பொறுங்கோ, குதிச்சுப் பாக்கிறன். விழேல்லை. உங்கட கதிரைதான் விழுந்துபோச்சு, குறை நினையாதையுங்கோ.

இல்லை, வாகனத்துக்குப் பயந்தில்லை. நான் நடக்கிற விடியக்காலையில அங்க என்ன பஸ்ஸே வருது? யானைக்கும் இல்லை. யானை வந்தால் பாட்டோட ஓடுறதுதான். என்ர அண்ணைக்காகத்தான், தம்பி.

கூடப்பிறந்த அண்ணை, அப்புத்துரை. ஒவ்வொரு நாளும் விடியக்காலையில பால் கானைக் கட்டிக்கொண்டு சைக்கிளில அதே றோட்டால போறவர். ஊரிலேயே எனக்கு நிப்பாட்டாத ஒரே ஆள். ஆறு வருசமாக் கதையில்லை. சுதாஜினி பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்திய வீட்டில முதல் தண்ணி தாய்மாமன்தானே வாக்கோணும். அண்டைக்கு அண்ணை வரச் சுணங்கிப்போச்சு, வழியில ரியூப் காத்துப் போயிட்டுது. நல்ல நேரம் முடியப்போகுதெண்டு எல்லாரும் அந்தரப்பட, ஒண்டுவிட்ட தம்பியைக் கொண்டு வாத்துப்போட்டம். அண்ணை தேங்காயும் கையுமா வந்து பாக்கிறார், பிள்ளையின்ர தலை நனைஞ்சு கிடக்கு. தேங்காயைப் படியில வைச்சிட்டுத் திரும்பினவர்தான். பிழை எங்கடதான். ஒரு கால் மணித்தியாலம் பாத்திருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை நடக்கேக்க பக்கத்தில ஒரு சில்லுத் தெரியுது. திரும்பினால் அண்ணை, ஒரு காலை நிலத்தில ஊண்டிக்கொண்டு நிக்கிறார். வாய் அசையுது. ஆறு வருசத்துக்குப் பிறகு அந்த மனுசன் வாய் திறக்குது, எனக்குக் காதுக்குள்ள மேளம் அடிக்குது. பதறிப்போய் இழுத்தால் ரப்பர் மூடி இறுகிப்போச்சு. ஒண்டைக் கழட்டுறதுக்குள்ள அவர் சைக்கிளை மிதிச்சுக்கொண்டு போயிட்டார். கேட்டும் கேளாத மாதிரி நிண்டன் எண்டுதானே நினைச்சிருப்பார்? அண்டு பின்னேரம் அண்ணையின்ர வீட்டை போனனான், வாசல் படலை திறக்கேல்லை.

ஹெட்செட் இல்லாமலே நடக்கலாம்தான். அப்பிடியெண்டால் அண்ணை வாற நேரத்தில நான் உழவு மெசின் பெட்டியிலயெல்லோ இருப்பன்? இப்பவும் அந்த றோட்டாலதான் போறார், முந்தின மாதிரி விரைவாப் போறேல்லை. இன்னொருக்கா வாய் திறந்தால் நான் விடக்கூடாது.

சரி, இதையே எடுக்கிறன். முதல்ல பாட்டைப் போட்டுவிட்டு என்ர முதுகுப் பக்கமா அந்த அலுமாரியடியில போய் நில்லுங்கோ. நீங்கள் எனக்குத் தம்பிதான், எண்டாலும் வெக்கப்படாமல், பலத்துக் கத்தாமல், தங்கச்சி எண்டு ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்.