ஸ்டெபின் தட்டிய கதவு

என் சின்னவன் ஸ்டெபின் யாரிடமும் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவனிடம் தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிடுவார். அப்படி ஒரு முகம் எல்லாருக்கும் அமையாது, சார். அதை வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாம்பரத்தைச் சுற்றி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் வயதானவர்களை என் கணவர் அசரியா பார்த்து வைப்பார். ஸ்டெபின் போய்ப் பழகுவான். பால் வாங்கித் தருவான், மகளுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பான். நம்பிக்கை வந்ததும் பெரியவன் ஜாய்சன், வீட்டு வரி விஷயம் என்று சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய் மனையை விற்கும் உரிமையைப் பவர் பத்திரமாக எழுதி வாங்கிவிடுவான். யாரையும் அடித்ததில்லை. நான் சண்டே ஸ்கூல் டீச்சர். அடிதடி எனக்கு ஆகாது.

முடிச்சூர் சத்தியநாதனும் அப்படி ஒருவர்தான். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், மனைவி இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வீட்டை விற்க மனமில்லாமல் அதிலேயே இருந்தார். முதலில் நாங்கள் சொல்லி ஸ்டெபின் போனான். பிறகு சொல்லாத நாளிலும் போனான். அவர் ஆம்லெட் போட்டுக் கொடுப்பாராம். இருவரும் கிரிக்கெட் பார்ப்பார்களாம். வீட்டில் நான் எடுத்து வைத்த சாப்பாடு அப்படியே கிடக்கும்.

ஜாய்சன் கார் எடுத்துக்கொண்டு அவரை அழைக்கப் போன அன்று அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே பேசினாராம்.

"உன் தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். என் பொண்ணு திங்கக்கிழமை வர்றா. வந்ததும் போலீசுக்குப் போறோம்."

ஸ்டெபினைக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"அவர் பாவம்மா. இதோட நிறுத்திடலாம்."

"அப்பா ஜெயிலுக்குப் போகட்டுமா?"

"நானும் போறேன். நானும்தானே செஞ்சேன்?"

பதினேழு வயதுப் பையன் பெற்றவளிடம் பேசுகிற பேச்சா, சார்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு ஜாய்சன் ஓட்டிய காரில் முடிச்சூர் போனேன். காலில் விழுந்தாவது அவரைச் சமாதானப்படுத்தப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அவனே கதவைத் தட்டினான். "தாத்தா, அம்மா உங்ககிட்ட பேசணுமாம்."

அவன் குரலுக்குத்தான் கதவு திறந்தது.

சத்தியநாதன் மரியாதையான மனிதர். எனக்கு டீ போடுகிறேன் என்றார். வேண்டாம், ஒரு சின்ன ஜெபம் செய்யலாமா என்றேன். கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். தலையணை பக்கத்திலேயே இருந்தது.

என் மணிக்கட்டில் இருக்கும் கீறல் ஸ்டெபினுடையது. கிழவருக்கு அவ்வளவு பலம் இல்லை. வெளியே காரில் இருந்த ஜாய்சன் சத்தம் கேட்டு உள்ளே வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

பழியை ஸ்டெபின் ஏற்கட்டும் என்று முடிவு செய்தது நான்தான். பதினெட்டு ஆகாதவனைப் பெரிதாகத் தண்டிக்க மாட்டார்கள். ஜாய்சனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முதலில் ஸ்டெபின் முடியாது என்றான். அடிக்கவில்லை, சார். ஒன்றுதான் சொன்னேன்: "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா அவர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்." அதற்குப் பிறகு அவன் எதிர்த்துப் பேசவில்லை. உங்களிடம் வந்து, "நான்தான் கொன்னேன்" என்று சொன்னானே, அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

எதிர்வீட்டுக் கேமராவில் நான் உள்ளே போவது தெரிகிறது என்கிறீர்கள். சரி. கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

கூர்நோக்கு இல்லத்துக்கு அவனுக்குப் பிடித்த வஞ்சிர வறுவல் எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிள்ளைதானே, எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் பார்த்தால் சொல்லிவிடுங்கள், சார். அம்மா அவனை மன்னித்துவிட்டாள் என்று.