எல்லா வூட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்

இல்ல ஹாஜியார், நீங்க கோல் எடுத்துக் கூப்பிடல்ல, நானாத்தான் வந்த. ஒங்கட வைபை நல்லாத்தான் வேல செய்யிது. பாஸ்வேர்ட மாத்திட்டுப் போறன், அஞ்சு நிமிசம்.

ஓம், இந்த ரவுட்டர நான்தான் பூட்டித் தந்த. இந்த ரோட்டுல முப்பத்தெட்டு வூட்டுக்கும் நான்தான். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட், என்ட கடப் பேரும் ஒண்டு ரெண்டு மூணும். ஆக்கள் மறந்து கோல் எடுத்தா ஒடன சொல்லிரலாம் தானே. எனக்கு இந்த வேல படிப்பிச்ச சேர் மொத நாளே சொன்னவர், ரவுட்டர் எண்டது வளவுக் கடப்பு, வாசல் கேட் மாதிரி, வூட்டுக்கு வூடு வேற பூட்டுப் போடணும் எண்டு. ஆர் கேட்ட?

தேத்தண்ணி வேணா ஹாஜியார், இருங்க.

எனக்கு மூத்த சகோதரி மாதிரி அஸீஸா தாத்தா, அவங்கட வூட்டுக் கமராவும் நான்தான் பூட்டின. மாப்பிள மௌத்தாகி, நாலு மாசம் வூட்டுக்குள்ளயே இத்தாவில இருந்தாங்க. கத்தாருல இருக்கிற அவங்கட தம்பி சொன்னாரு, தாத்தா தனிய இருக்கா, வாசல்ல ஒண்டு போடுங்க எண்டு. வெளிய வயர் இழுக்கப் பஞ்சி, சோம்பல்ல நான் ஹோலுக்குள்ள வெச்சிட்டன். அதுக்கும் அதே பாஸ்வேர்ட்.

பொறகு நடந்தது ஒங்களுக்குத் தெரியும். அன்னிய ஆம்புளட கண்ணுல படாம இருந்த மனிசி, தலமுடி காய வெச்ச வீடியோ ஊருட போனெல்லாம் ஓடிச்சி. தாத்தாட தங்கச்சிர மகன் ஜவாத்ட போன்லயும் அந்தக் கமராவப் பார்க்கிற வசதி இருந்திச்சி. அவன்தான் எண்டு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க.

பள்ளிவாசல்ல விசாரிச்ச அண்டு என்னயும் கூப்பிட்டீங்க. வெளியாள் ஆரும் பார்க்க ஏலுமா எண்டு நீங்கதான் கேட்ட. ஏலாது எண்டன். பயம் ஹாஜியார், என்ட கட போயிரும் எண்டு. ஜவாத் என்ட மொகத்தத்தான் பார்த்துக்கிட்டு நிண்டான். அண்டைக்கு ஊர விட்டுப் போனவன், ஏழு மாசமாத் தகவல் இல்ல. அவன்ட உம்மா ரோட்டுல கண்டா, மகனே, கம்பியூட்டருல பார்த்து அவன் எங்க எண்டு சொல்ல ஏலாதா எண்டு என்னத்தான் கேக்கா. எந்த வூட்டு ரவுட்டரத் தொறந்தாலும் அவன் பக்கத்துல நிண்டு பார்க்கிற மாதிரிக் கெடக்கு.

ஓம், ஏலாது எண்டு நான் சொன்னது பொய்தான். வெள்ளிக்கிழம பள்ளியிலயே எழும்பிச் சொல்லப் போறன். அதுக்கு முந்தி ஒரு வேல இருந்திச்சி.

விசாரணைக்கு முந்தின நாளே தாத்தாட ரவுட்டரப் பார்த்திட்டன். ஆரோ ரோட்டுல நிண்டு அந்த வைபையால உள்ளுக்குப் போயிரிக்கி. போனுக்குப் போன் வேற நம்பர் ஒண்டு இரிக்கி, அது சேர்ற எல்லா ரவுட்டருலயும் பதிஞ்சி நிக்கும், ஆள்ட சொந்த வூட்டு ரவுட்டருலயும். புதுப் போன் அத மாத்தி மாத்திக் காட்டும், இது பழைய போன், மாத்தாது. அந்த நம்பர எழுதி வெச்சிக்கிட்டு, பாஸ்வேர்ட் மாத்திறன் எண்டு சொல்லிச் சொல்லி முப்பத்தேழு வூடு ஏறி எறங்கிட்டன். தாத்தாட வூட்டத் தவிர வேற ஒண்டுலயும் இல்ல.

ஒங்கட மகன் ஷிப்லி மேலயா இருக்காரு, ஹாஜியார்? போனக் கொண்டு ஒருக்கா எறங்கி வரச் சொல்லுங்க.