அக்கரை பர்னாந்து

முகவரி இல்லாதவனுக்கு ரேஷன் கார்டு கிடைக்குமா என்று கேட்க, தூத்துக்குடியில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓட்டப்பிடாரத்துக் கடைக்காரர் ஒருவர். அவருக்கு முன்னால் கீழவைப்பாரிலிருந்து வந்த பெண்.

“எங்க வீட்டுக்காரர கடல்ல எல்லை தாண்டுனாருன்னு புடிச்ச இலங்கை நேவிக்காரன் பேரும் எங்கள மாதிரி பர்னாந்துதான், அண்ணாச்சி.”

“ஒங்களுக்குச் சொந்தமாம்மா?”

“நீங்களும் அதத்தான் கேக்கிய. போன வாரம் இங்கன மனுவப் பாத்தவரு, குடும்பத் தகராறுன்னா போலீஸுக்குப் போங்கன்னு திருப்பி விட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரரு மூணு வாரமா அங்கன ஜெயில்ல கெடக்காரு.”

“பெறவு எப்படி ஒரே பேரு?”

“போர்ச்சுக்கீசுக்காரன் ரெண்டு கரையிலயும் ஞானஸ்நானம் குடுத்து வச்ச பேரு. அவன டச்சுக்காரன் அடிச்சு வெரட்டுனான். டச்சுக்காரன வெள்ளக்காரன் வெரட்டுனான். எல்லாம் இந்தக் கடல்ல கெடந்த முத்துக்காவ. அவனுவ போயிட்டானுவ. பேரு எங்ககிட்டக் கெடக்கு.”

“மனுவுல அந்தாளு பேர அடிச்சிரும்மா. நம்ம ஆளு வந்தாப் போதும்.”

அவரிடமே பேனா வாங்கி, அந்தப் பெயரை அடித்தாள். வரிசை நகர்ந்தது. மேசையில் இருந்தவர் மனுவை மெதுவாகப் படித்தார்.

“பிடிச்சது யாரு? பேரு ஏதும் தெரியுமா?”

அவள் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியாது, சார்.”