அடிபடாத கைக்கு ஒரு கட்டு

இராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எம்மக கையில காயமே இல்ல. நானாத்தான் தினம் கட்டுப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புதேன்," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?"

"மூணாங்கிளாஸ்ல பக்கத்துல இருக்க பிள்ள கிள்ளிக்கிட்டே இருந்துச்சு. டீச்சர்ட்ட சொன்னேன், வெளையாட்டுக்குன்னுட்டாவ. கட்டுப் போட்டிருந்தா கிள்ள மாட்டால்ல?"

"பொறவு விட்டுட்டாளா?"

"விட்டுட்டா. நேத்து அந்தப் பிள்ளையே எம்மகட்ட வந்து, 'ஒங்கம்மாவ எனக்கும் ஒண்ணு கட்டிவிடச் சொல்லு, வீட்டுக்குப் போட்டுட்டுப் போறேன்'னு கேட்டிருக்கு."



பள்ளிக்கூட ஸ்டாப் வந்தது. ஜன்னலோரப் பெண் எழுந்தாள்.

"செத்த நேரங்கழிச்சு வாரேன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிரு. டீச்சர்ட்ட அந்தப் பிள்ளைக்காகப் பேசணும்."